டி செல் வைரஸைப் பார்ப்பதே இல்லை

கேள்வி இது: "கொரோனா தடுப்பூசி போட்டுச் சில மாதங்களில் ஆன்டிபாடி குறைந்துவிட்டாலும் டி செல்கள் காப்பாற்றும் என்கிறார்கள். ஆன்டிபாடி வைரஸின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது, அது புரிகிறது. ஆனால் செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை டி செல் வெளியே நின்றுகொண்டு எப்படி அடையாளம் காண்கிறது? இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

சுருக்கமாகச் சொன்னால், டி செல் என்ற வெள்ளையணு வைரஸைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது நம்முடைய சொந்தப் புரதம் ஒன்றை. அந்தப் புரதத்தின் உச்சியில் ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தில் எட்டிலிருந்து பத்து அமினோ அமில நீளத்தில் ஒரு துணுக்கு உட்கார்ந்திருக்கும். அந்தத் துணுக்கு வழக்கமாக இங்கே இருப்பதா, புதிதாக வந்ததா என்பதுதான் டி செல்லின் மொத்த விசாரணையும்.

பாடப்புத்தகங்கள் இந்தப் படத்தை முதல் பக்கத்திலேயே வரைந்து கொடுத்துவிடுகின்றன. மாணவர்களும் பார்த்து மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்று யோசிக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அந்தப் படம் கிடைப்பதற்குப் பதிமூன்று ஆண்டுகள் முன்னதாகவே, எலிகளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேர் அதன் சாரத்தைச் சொல்லிவிட்டார்கள். அதனால் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1970-களின் தொடக்கத்தில் தெரிந்திருந்தது இவ்வளவுதான். பி செல்கள் ஆன்டிபாடி செய்கின்றன. ஆன்டிபாடி, ஆன்டிஜெனின் (எதிர்ப்பைத் தூண்டும் அன்னியப் பொருளின்) முழு வடிவத்தை, அது ரத்தத்தில் தனியாக மிதந்துகொண்டிருந்தாலும், நேரடியாகப் பிடிக்கும். தைமஸ் சுரப்பியில் வளரும் டி செல்கள் என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது; தைமஸின் பங்கை ஜாக் மில்லர் 1961-இல் காட்டியிருந்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு பிரிவு, வைரஸ் புகுந்த செல்களைத் தேடிக் கொல்கிறது. எதைப் பார்த்துக் கொல்கிறது என்று கேட்டால், ஆன்டிபாடி போன்ற ஏதோ ஒன்றை வைத்து வைரஸைப் பிடிக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குத் தொடர்பே இல்லாததுபோல் இன்னொரு புதிர் பக்கத்தில் கிடந்தது. ஒருவரின் தோலை இன்னொருவருக்கு ஒட்டினால் உடல் ஏன் அதைத் தள்ளிவிடுகிறது? லண்டனில் பீட்டர் கோரர் 1930-களிலேயே எலிகளில் இதற்குக் காரணமான ஒரு மூலக்கூறைக் கண்டுபிடித்திருந்தார். அந்த மரபணுத் தொகுதிக்கு எச்-2 என்று பெயர் வந்தது. மனிதர்களில் அதற்கு இணையானதை 1958-இல் பாரிஸில் ஜான் தோசே கண்டார், அதுதான் எச்எல்ஏ. பொதுப்பெயர் எம்எச்சி. ஆளுக்கு ஆள் இது மாறுகிறது, அதனால்தான் உறுப்பு மாற்றுச் சிகிச்சை கஷ்டமாகிறது என்பதெல்லாம் தெளிவாகிவிட்டது. ஆனால் இயற்கையில் எந்த எலியும் இன்னொரு எலியின் தோலை வாங்கி ஒட்டிக்கொள்வதில்லை. அறுவை சிகிச்சை நிபுணரைத் தொந்தரவு செய்வதற்காக ஒரு மூலக்கூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்க முடியாது. அதன் உண்மையான வேலைதான் என்ன?

இரண்டு புதிர்களும் ஒரே அறையில் தீர்ந்தன. கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்டின் மருத்துவ ஆய்வுப் பள்ளி. பீட்டர் டோஹர்ட்டி பிரிஸ்பேனில் பிறந்த கால்நடை மருத்துவர். எடின்பரோவில் செம்மறியாடுகளின் மூளையைத் தாக்கும் லூப்பிங் இல் வைரஸைப் பற்றி முனைவர் பட்டம் முடித்துவிட்டுக் கான்பெராவுக்கு வந்திருந்தார். ரோல்ஃப் சிங்கர்நாகல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பக்கத்துக்காரர், மருத்துவர், 1973-இல் வந்து சேர்ந்தபோது 29 வயது. ஆய்வகத்தில் இடம் போதாததால் இவரை டோஹர்ட்டியின் அறையில் போட்டார்கள். ஒருவருக்கு மூளை அழற்சி கைவந்த துறை. மற்றவர் செல் சாவதை அளக்கும் சோதனையைக் கையில் எடுத்தார்.

அவர்கள் தேர்ந்த வைரஸ் எல்சிஎம்வி. இதைத் தேர்ந்ததுதான் பாதி வெற்றி என்பேன். எலியின் மூளையில் இந்த வைரஸைச் செலுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் மூளைச்சவ்வு அழற்சி வந்து எலி இறந்துவிடும். ஆனால் வைரஸ் தன் போக்கில் செல்களைக் கொல்வதில்லை. டி செல் இல்லாத எலிக்கு அதே வைரஸைக் கொடுத்தால், அது வைரஸைச் சுமந்துகொண்டு உயிரோடு இருக்கும். ஆக, எலியைக் கொல்வது எலியின் சொந்த டி செல்கள்தான். வைரஸே செல்லைக் கொல்லுமென்றால், செத்த செல்லைப் பார்த்து, இதைக் கொன்றது வைரஸா டி செல்லா என்று குழம்ப வேண்டியிருக்கும். எல்சிஎம்வியில் அந்தக் குழப்பமே கிடையாது.

சோதனை இப்படி. எலியின் இணைப்புத்திசுவிலிருந்து வளர்த்த எல் செல்கள் என்ற செல் வரிசை பல ஆய்வகங்களில் புழங்கியது. அதை வைரஸால் தொற்றவைத்து, கதிரியக்கம் உள்ள குரோமியம்-51-ஐ ஊட்டிவிடுவார்கள். செல் உயிரோடு இருக்கும்வரை குரோமியம் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். செல் உடைந்தால் வெளியே கசியும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்துக் கதிரியக்கத்தை எண்ணினால், எத்தனை விழுக்காடு செல்கள் செத்தன என்று கணக்குக் கிடைத்துவிடும். டோஹர்ட்டி நோயுற்ற எலியின் மூளைத்தண்டுவட நீரிலிருந்து டி செல்களை எடுக்கத் தெரிந்தவர். எலியின் தலையில் அந்த நீர் எவ்வளவு சொற்பம் என்பதை யோசித்தால் அந்தக் கைத்திறனின் அருமை தெரியும். அந்த டி செல்களை எல் செல்களோடு சேர்த்தார்கள். தொற்றிய செல்கள் செத்தன, தொற்றாதவை பிழைத்தன. எதிர்பார்த்தபடியே நடந்தது.

அதுவரை அவர்கள் பயன்படுத்தியது சிபிஏ என்ற எலி இனம். அந்தச் சமயத்தில் கலிபோர்னியாவில் மைக்கேல் ஓல்ட்ஸ்டோனும் கூட்டாளிகளும், எல்சிஎம்வி நோயின் தீவிரம் எலியின் எச்-2 வகையைப் பொறுத்து மாறுகிறது என்று எழுதியிருந்தார்கள். சரி, நோய் கடுமையாக வரும் இனத்தில் டி செல்கள் இன்னும் மூர்க்கமாகக் கொல்லும்போல, பார்த்துவிடுவோம் என்று இவர்கள் கிடைத்த எலி இனங்களையெல்லாம் எடுத்து அதே சோதனையைச் செய்தார்கள். இந்தமுறை டி செல்கள் எலிகளின் மண்ணீரலிலிருந்து.

வந்த எண்களைப் பாருங்கள். சிபிஏ எலியின் டி செல்கள் தொற்றிய எல் செல்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டைக் கொன்றன. பால்ப்-சி இனத்தின் டி செல்கள் சேர்த்த தட்டில் கசிவு 18 விழுக்காடு. தொற்றாத செல்களிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு கசிவு இருக்கும். அதாவது ஒன்றுமே நடக்கவில்லை. சி57 பிளாக் இனத்திலும் அப்படியே. இந்த எலிகள் எல்லாமே அதே வைரஸால் தொற்றப்பட்டவை, எல்லாவற்றிலும் டி செல்கள் தூண்டப்பட்டிருந்தன. எல் செல்லுக்குள் இருப்பதும் அதே வைரஸ்தான். பிறகு ஏன் சிபிஏ மட்டும் கொல்கிறது?

இங்கேதான் பெரும்பாலோர் "அந்த இனங்களில் எதிர்ப்பு சரியில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். இவர்கள் ஒரு கலப்பினத்தைப் பார்த்தார்கள். சிபிஏ தாயும் சி57 தந்தையுமாகச் சேர்ந்து பிறந்த குட்டிகளின் டி செல்கள் எல் செல்களை நன்றாகக் கொன்றன. சிபிஏ கலக்காத வேறு கலப்பினம் கொல்லவில்லை. எல் செல்கள் எடுக்கப்பட்ட எலி இனத்துக்கும் சிபிஏ இனத்துக்கும் எச்-2 வகை ஒன்றே. ஆக, டி செல்லுக்கும் இலக்குச் செல்லுக்கும் எச்-2 பொருந்தினால்தான் கொலை நடக்கிறது. பிறகு திருப்பியும் செய்து பார்த்தார்கள்: பால்ப்-சியோடு எச்-2 பொருந்தும் செல்களை வைரஸால் தொற்றவைத்தபோது பால்ப்-சியின் டி செல்கள் ஜோராகக் கொன்றன, சிபிஏ டி செல்கள் சும்மா இருந்தன. எந்த இனத்திலும் குறை இல்லை. ஒவ்வொன்றும் தன் வகைச் செல்லில் இருக்கும் வைரஸை மட்டுமே கண்டுகொள்கிறது.

ஆய்வகங்கள் எல்லாம் எந்த எலி கிடைக்கிறதோ அதை வைத்து எல் செல்களோடு வேலை பார்த்த காலம் அது. கான்பெராவில் அவர்கள் எடுத்த முதல் எலி பால்ப்-சியாக இருந்திருந்தால் முதல் சோதனையே சப்பென்று போயிருக்கும். சிபிஏவாக இருந்தது அதிர்ஷ்டம். ஆனால் 65-ஐயும் 18-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறை எலியில் இல்லை, நம் கேள்வியில் இருக்கிறது என்று முடிவெடுத்தது அதிர்ஷ்டம் அல்ல. நோயெதிர்ப்பியலில் நான் அதிகம் மதிக்கும் முடிவு அதுதான்.

முதல் கட்டுரை 1974 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது, இரண்டே பக்கம். அதே ஆண்டு அமெரிக்காவில் ஜீன் ஷியரர், வைரஸுக்குப் பதிலாக ஒரு சிறிய வேதிப்பொருளைச் செல்களின் மேல் ஒட்டவைத்துச் செய்த சோதனையிலும் இதே பொருத்தம் தேவைப்படுவதைக் கண்டார். ஆகவே இது வைரஸின் தனிக்குணம் அல்ல, டி செல்லின் குணம்.

இதற்கு என்ன பொருள்? டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் இரண்டு சாத்தியங்களை முன்வைத்தார்கள். ஒன்று, டி செல்லின் மேற்பரப்பில் இலக்கைப் பிடிக்கும் புரதங்கள், அதாவது ஏற்பிகள், இரண்டு: ஒன்று தன் எச்-2-வைச் சரிபார்க்கிறது, மற்றது வைரஸைப் பிடிக்கிறது. இன்னொன்று, ஏற்பி ஒன்றுதான். அது பார்ப்பது வைரஸால் ஏதோ விதத்தில் மாற்றப்பட்ட எச்-2-வை. மாறிப்போன சுயம். இரண்டில் எது சரி என்பதில் பத்தாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. ஆனால் இரண்டில் எது சரியாக இருந்தாலும் பழைய புதிர் விழுந்துவிட்டது. ஒட்டுத் தோலைத் தள்ளும் அந்த மூலக்கூறின் வேலை, செல்லுக்குள் நடப்பதை டி செல்லுக்குத் தெரிவிப்பது. ஒட்டு நிராகரிப்பு அதன் பக்கவிளைவு. இருவருக்கும் 1996-இல் நோபல் கிடைத்தது. மருத்துவ நோபல் பெற்ற முதல் கால்நடை மருத்துவர் டோஹர்ட்டி.

சண்டை தீர்ந்தது பல கைகளால். டி செல் ஏற்பியின் மரபணுவை 1984-இல் அமெரிக்காவில் மார்க் டேவிஸ் குழு எலியிலும், டொரண்டோவில் டாக் மாக் குழு மனிதரிலும் பிடித்தார்கள். 1986-இல் பாசெலில் ஒரு டி செல்லின் ஏற்பி மரபணுக்கள் இரண்டையும் இன்னொரு டி செல்லுக்கு மாற்றியபோது, எச்-2-வையும் ஆன்டிஜெனையும் அடையாளம் காணும் திறன் இரண்டும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. ஏற்பி ஒன்றுதான்.

அப்புறம் அலைன் டவுன்செண்ட் ஆக்ஸ்போர்டில் செய்த வேலை. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று. இன்ஃப்ளூயன்சா தொற்றிய செல்களைக் கொல்லும் டி செல்கள் வைரஸின் நியூக்ளியோ புரதத்தை அடையாளம் காண்கின்றன என்று அவர் பார்த்தார். அந்தப் புரதம் வைரஸின் உட்புறத்தில் மரபணுவைச் சுற்றிக்கொண்டு கிடப்பது. செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் வகை அல்ல. வெளியே வராத புரதத்தை வெளியே நிற்கும் டி செல் எப்படிப் பார்க்கும்? அந்தப் புரதத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் செயற்கையாகச் செய்து, வைரஸே படாத ஆரோக்கியமான செல்கள் மேல் ஊற்றினார்கள். டி செல்கள் வந்து அந்தச் செல்களைக் கொன்றன. முழுப் புரதம் வேண்டாம், வைரஸும் வேண்டாம், பத்துப் பதினைந்து அமினோ அமிலத் துணுக்கு போதும். 1986-இல் வந்த முடிவு இது. அதற்கு முந்தைய ஆண்டே எமில் உனானுவேயின் குழு, கோழிமுட்டை லைசோசைம் புரதத்தின் ஒரு துணுக்கு எம்எச்சியின் இரண்டாம் வகையோடு (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) நேரடியாக ஒட்டுகிறது என்று சோதனைக்குழாயில் காட்டியிருந்தது.

1987-இல் ஹார்வர்டில் டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் ஆய்வகங்களில் பமீலா பியார்க்மன் எச்எல்ஏ-ஏ2 மூலக்கூறின் படிக அமைப்பை வெளியிட்டார். எட்டு இழைகள் சேர்ந்த தட்டையான தரை, அதன் மேல் இரு பக்கமும் சுருள் சுவர், நடுவே நீண்ட பள்ளம். பள்ளம் காலியாக இல்லை. எச்எல்ஏவுக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று அதில் நிறைந்திருந்தது. பல விதமான துணுக்குகளின் கலவையாக இருந்ததால் தனித்தனியாக அடையாளம் காண முடியவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: ஆளுக்கு ஆள் எச்எல்ஏ மாறுபடும் இடங்கள் எவை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவற்றைப் படத்தில் குறித்தபோது பெரும்பாலானவை பள்ளத்தின் தரையிலும் சுவரிலும் வந்து விழுந்தன. ஒருவருக்கொருவர் வேறுபடுவது, எந்தத் துணுக்கை ஏந்த முடியும் என்பதில்தான். டூபிங்கனில் ராமென்சே குழு 1991-இல் பள்ளங்களிலிருந்து துணுக்குகளைக் கழற்றி வரிசைப்படுத்தியபோது இது அப்படியே எழுத்தில் வந்தது: எச்எல்ஏ-ஏ2-இல் உட்காரும் துணுக்குகளுக்கு இரண்டாம் இடத்தில் பெரும்பாலும் லியூசின் என்ற அமினோ அமிலம், ஒன்பதாம் இடத்தில் வேலின். வேறு எச்எல்ஏவுக்கு வேறு விதி.

இப்போது கேள்வியின் முதல் பகுதிக்கு வரலாம். செல்லுக்குள் உண்டாகும் புரதங்கள் எல்லாமே ஒருநாள் சிதைக்கப்படும். புரோட்டியாசோம் என்ற அமைப்பு அவற்றைத் துண்டாக்கும். துண்டுகளில் ஒரு பகுதியை டாப் என்ற கடத்தி எண்டோபிளாச வலைக்குள் தள்ளும். அங்கே காத்திருக்கும் எம்எச்சி, தன் பள்ளத்துக்குப் பொருந்துவதை ஏந்திக்கொண்டு செல்லின் மேற்பரப்புக்கு வரும். கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களும் இதை இரவும் பகலும் செய்துகொண்டே இருக்கின்றன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற மாதிரி, உள்ளே வேகும் ஒவ்வொரு புரதத்திலிருந்தும் ஒரு பருக்கையை வெளியே காட்டிவிடுகிறது செல். வைரஸ் உள்ளே நுழைந்து தன் புரதங்களைச் செய்ய ஆரம்பித்தால், அதன் பருக்கைகளும் வெளியே வந்துவிடும். இதில் செல் வைரஸை அடையாளம் காண வேண்டிய அவசியமே இல்லை. எது யாருடையது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் காட்டுகிறது. பார்த்துப் பிரிப்பது டி செல்லின் வேலை.

அந்த வேலையைத் தைமஸ் கற்றுக்கொடுக்கிறது. டி செல் ஏற்பிகள் மரபணுத் துண்டுகளைத் தாறுமாறாகச் சேர்த்து உண்டாக்கப்படுபவை. எது எதைப் பிடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. நம் எம்எச்சியைத் தொடவே முடியாத ஏற்பி உள்ள செல் தைமஸில் செத்துப்போகும். நம் சொந்தத் துணுக்குகளை ஏந்திய எம்எச்சியை மிக இறுகப் பிடிப்பதும் சாகடிக்கப்படும். நடுவே தேறுபவை மட்டும் வெளியே வரும். உள்ளே போனவற்றில் மிகப் பெரும்பாலானவை வெளியே வருவதில்லை. சிபிஏ எலியின் டி செல்கள் சிபிஏ வகை எச்-2-வை மட்டும் பார்த்ததற்கு இந்தப் படிப்புத்தான் காரணம்.

இரண்டாம் வகை எம்எச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டென்ட்ரைட்டிக் செல் போன்ற சில செல்கள் வெளியிலிருந்து விழுங்கியதைத் துண்டாக்கி அதில் ஏற்றிக் காட்டும். அதைப் பார்ப்பவை சிடி4 டி செல்கள். கொல்லும் சிடி8 செல்கள் பார்ப்பது முதல் வகையை.

இதை வைத்துப் பல விஷயங்களைப் புரிந்துகொள்ளலாம். ரத்தச் சிவப்பணுவுக்குக் கரு இல்லை, எம்எச்சியும் கிட்டத்தட்ட இல்லை. மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் இருக்கும் சில நாட்கள் சிடி8 செல்களிடம் மாட்டிக்கொள்ளலாம்; சிவப்பணுவுக்குள் போய்விட்டால் அவற்றின் பார்வையிலேயே படாது. ஹெர்பிஸ் வைரஸ் டாப் கடத்தியின் வாயை அடைக்க ஒரு தனிப் புரதமே வைத்திருக்கிறது. சைட்டோமெகலோ வைரஸ் எம்எச்சி மூலக்கூறுகளையே பிடித்துச் சிதைக்க அனுப்புகிறது. சாட்சியை ஒழித்துவிடலாம் என்று பார்க்கும் இந்தத் தந்திரத்துக்கும் உடலிடம் பதில் உண்டு: எம்எச்சி காணாமல்போன செல்லை இயற்கைக் கொல்லி செல்கள் தாக்கும். ஸ்டாக்ஹோமின் கிளாஸ் கேரே 1980-களில் சொன்ன கருத்து இது.

கொரோனாவுக்கு வந்தால், தொற்றைத் தடுக்கும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஸ்பைக் புரதத்தின் சில குறிப்பிட்ட மேற்பரப்புகளில்தான் ஒட்டுகின்றன. 2021 இறுதியில் வந்த ஒமிக்ரான் அந்த இடங்களில்தான் ஏராளமாக மாறியிருந்தது, அதனால் பல ஆன்டிபாடிகள் பயனற்றுப்போயின. டி செல்லுக்கு ஸ்பைக்கின் மேற்பரப்பு என்ற கணக்கே இல்லை. 1,273 அமினோ அமிலமுள்ள அந்தப் புரதத்தின் எந்த மூலையிலிருந்தும், மடிந்து உள்ளே மறைந்த பகுதியிலிருந்தும்கூட, துணுக்கு வரலாம். ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல துணுக்குகள். பக்கத்து வீட்டுக்காரருக்கு எச்எல்ஏ வேறு என்பதால் வேறு பல துணுக்குகள். ஒரே வைரஸ் இவை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு தப்ப முடியாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: டி செல் வேலையைத் தொடங்குவதே செல் தொற்றிய பிறகுதான். அதனால் அது காய்ச்சலை வரவிடாமல் தடுக்காது. நோய் முற்றி நுரையீரலைச் சாய்ப்பதைத்தான் பெருமளவு தடுக்கும். "டி செல் காப்பாற்றும்" என்பதை இந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாறிப்போன சுயம் என்று 1974-இல் சொன்னது இன்று மருந்துக்கடை வரைக்கும் வந்திருக்கிறது. எச்ஐவிக்குக் கொடுக்கும் அபாகாவிர், எச்எல்ஏ-பி 57:01 உள்ளவர்களில் பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். மருந்து அந்த எச்எல்ஏவின் பள்ளத்துக்குள்ளேயே போய் அடியில் உட்கார்ந்துவிடுகிறது என்று 2012-இல் படிக அமைப்பில் கண்டார்கள். பள்ளத்தின் வடிவம் மாறியதும், அதுவரை ஏறாத நம் சொந்தத் துணுக்குகள் அதில் ஏறுகின்றன. தைமஸில் இவற்றைப் பார்த்தே இராத டி செல்கள் அன்னியம் என்று நினைத்துத் தாக்குகின்றன. வைரஸும் இல்லை, வெளிப் புரதமும் இல்லை. இப்போது இந்த மருந்தைத் தொடங்குமுன் எச்எல்ஏ சோதனை செய்வது வழக்கமாகிவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன். அரிதாகச் சிலருக்குத் தோல் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும், உயிருக்கே ஆபத்து. 2004-இல் தைவானில் இந்த மருந்தால் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பார்த்ததில் 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 இருந்தது. இந்த வகை இந்தியாவில் தைவான் அளவுக்குப் பரவலாக இல்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. வீட்டில் யாருக்காவது இந்த மருந்தைப் புதிதாக எழுதினால், சோதனை தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. ஏற்கெனவே பல மாதங்களாகப் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டு வருபவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. இந்த எதிர்வினை பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வருவது, வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. டி செல் ஏற்பி தன் இலக்கைப் பிடிக்கும் பிடி ரொம்பப் பலவீனமானது. நல்ல ஆன்டிபாடியோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ குறைவு, சில நொடிகளில் விட்டுப்போகும். ஆனாலும் இலக்குச் செல்லின் மேல் பல்லாயிரம் எம்எச்சிகள் நம் சொந்தத் துணுக்குகளோடு நிற்க, நடுவே பத்துக்கும் குறைவான அன்னியத் துணுக்குகள் இருந்தால்கூட டி செல் கண்டுபிடித்துவிடுகிறது. பலவீனமான பிடி, அபாரமான கூர்மை. இது எப்படி? 1995-இல் மெக்கீதன் முன்வைத்த விளக்கம் ஒன்று இன்றும் வலுவாக நிற்கிறது: ஏற்பி இலக்கைத் தொட்டதும் உடனே மணி அடிப்பதில்லை, உள்ளே வரிசையாகப் பல வேதி மாற்றங்கள் நடந்து முடிந்தால்தான் அடிக்கும். அதற்குள் துணுக்கு விட்டுப்போனால் எல்லாம் முதலிலிருந்து. சொந்தத் துணுக்குகள் சீக்கிரம் விட்டுவிடும், அன்னியத் துணுக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் ஒட்டியிருக்கும். அந்தக் கொஞ்ச நேர வித்தியாசத்தில் ஒரு செல்லின் சாவு முடிவாகிறது. டி செல் அசையும்போது அந்தப் பிணைப்பின் மேல் விழும் இழுவிசைக்கும் இதில் பங்கு உண்டு என்று பலர் காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில் ஒத்த கருத்து இல்லை.

ஒரு டி செல் ஏற்பியின் வரிசையைக் கொடுத்தால் அது எந்தத் துணுக்கைப் பிடிக்கும் என்று கணினியால் நம்பகமாகச் சொல்ல முடியுமா என்பது இன்னொரு பெரிய வேலை. ஏற்கெனவே நன்றாக ஆராயப்பட்ட சில துணுக்குகளுக்குச் சொல்ல முடிகிறது, புதியதற்குத் தடுமாறுகிறது. காரணங்களில் ஒன்று தரவு. பதிவான எச்எல்ஏ வகைகள் 40,000-ஐத் தாண்டிவிட்டன. சோதனைத் தரவோ ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் ஏ 02:01 போன்ற சிலவற்றில் குவிந்துகிடக்கிறது. கண்ணில் வரும் ஒருவகை மெலனோமா புற்றுநோய்க்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெபென்டாஃபஸ்ப், டி செல் ஏற்பியை அடிப்படையாகக் கொண்ட முதல் மருந்து. அது ஏ 02:01 உள்ளவர்களுக்கு மட்டும்தான். தெற்காசியாவில் அதே ஏ2 குடும்பத்தில் 02:11 போன்ற வேறு வகைகள் கணிசமாக உண்டு. பெயர் நெருக்கம் என்பதற்காக அந்த மருந்தை அவர்களுக்குக் கொடுத்துவிட முடியாது. அந்தந்த வகையின் பள்ளத்தில் எது உட்காருகிறது என்று நம் மக்களிடம் எடுத்த செல்களை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.